நண்பர்களோடு ஊர் சுற்றப் போகும்போதே தன்னார்வப் பணியும் செய்யலாமா?

"நாலைந்து பேர் சேர்ந்து கடலோர ஊர் எதற்காவது போகணும். சுற்றிப் பார்த்த மாதிரியும் இருக்கணும், உருப்படியாக ஏதாவது செய்த மாதிரியும் இருக்கணும். ஒத்துவருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒத்துவரும். ஆனால் ரெண்டில் எது முதலில் என்று பேசி வைக்காமல் கிளம்பினால் நிச்சயம் சண்டை வரும். எங்களுக்கு வந்தது.

நாங்கள் நாலு பேர், கல்லூரியிலிருந்தே ஒரே செட். ஒருத்தன் தாம்பரம், ஒருத்தன் சைதாப்பேட்டை, ஒருத்தி பெரம்பூர், நான் அடையாறு. முதலில் போட்ட திட்டம் அந்தமான். ஒரு வாரம் தங்கிக் கடலோரத்தில் 'சேவை' செய்யத் தலைக்கு எவ்வளவு என்று விசாரித்தோம். சொன்ன தொகைக்கு நாங்களே ஒரு படகு வாங்கிவிடலாம் போலிருந்தது. அப்போதுதான் பெரம்பூர்க்காரி கேட்டாள்: "நம்ம பீச்சுக்கே ஆமை வருதாமே, யாராவது போயிருக்கீங்களா?" ஒருத்தரும் போனதில்லை. வீட்டிலிருந்து கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய நானும் போனதில்லை.

சென்னையில் 1988-லிருந்து மாணவர்களே நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வார இறுதி இரவுகளில் அவர்களோடு நாமும் நடக்கலாம். நள்ளிரவில் நீலாங்கரையில் ஆரம்பித்து, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரை. சுமார் 7 கிலோமீட்டர்தான், ஆனால் மணலில். கரையேறுவது பங்குனி ஆமை. பெயர் பங்குனி என்றாலும் தை, மாசியிலேயே வரத் தொடங்கிவிடும்.

முதல் இரவு நாங்கள் பார்த்தது மூன்று ஆமை, மூன்றும் செத்தது. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. ஆமைக்கும் மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும், இழுவலையில் மாட்டினால் மூழ்கித்தான் சாகும். விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் இருக்கிறது, ஆனால் அது தொடங்குவது ஏப்ரல் 15. அதற்குள் பெரும்பாலான ஆமைகள் முட்டையிட்டு முடித்திருக்கும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த வாரம் உயிரோடு ஒன்று ஏறியது. கொட்டிவாக்கம் பக்கம், அலை நுரையிலிருந்து கறுப்பாக ஒரு மேடு நகர்ந்து வந்தது. டார்ச் கூடாது, பேசக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தாம்பரத்துக்காரனுக்குக் கை நிற்கவில்லை. போனை எடுத்தான், ஃபிளாஷ் அடித்தது. ஆமை நின்றது. அரை வட்டம் போட்டுத் திரும்பிக் கடலுக்கே போய்விட்டது. படகுக்குப் பக்கத்தில் வலை மேல் படுத்திருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். "லைட்ட அமுத்துபா! அது புள்ள பெக்க வருது, நீ போட்டோ புடிக்கிற?"

விடியும்வரை எங்களுக்குள் பேச்சில்லை. பெசன்ட் நகர் வந்ததும் பெரம்பூர்க்காரி பொரிந்து தள்ளினாள். "நீ வேணும்னா டூர் போ, நான் இதுக்கு வர்றேன்." அவன் ரெண்டு வாரம் வரவில்லை. பிறகு அவனாகவே வந்தான், போனை வண்டி டிக்கியில் பூட்டிவிட்டு.

அந்த இரவுதான் முழுதாகப் பார்த்தோம். பின்துடுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு, கிண்ணம்போல மடக்கி மணலை அள்ளி, ஒன்றரை அடிக்குக் குழி தோண்டியது. வாய் குறுகி அடி அகன்ற குடம் மாதிரி. முட்டையிட ஆரம்பித்துவிட்டால் எளிதில் கலையாது. டேபிள் டென்னிஸ் பந்து அளவில் ஈரமாக, ரெண்டு மூன்றாக விழுந்துகொண்டே இருந்தது. எண்ணினோம், 118. மூடியபின் தன் உடம்பையே இப்படியும் அப்படியும் தூக்கிப் போட்டு மணலைத் தட்டியது. அந்தச் சத்தம் காலில் அதிர்ந்தது. அது போனதும் முட்டைகளைத் துணிப்பையில் எடுத்துக் குஞ்சு பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்தார்கள். அப்படியே விட்டால் நாய் தோண்டிவிடும். தப்பிப் பொரித்தாலும் குஞ்சுகள் வெளிச்சம் எங்கோ அங்கே ஓடும். ஒரு காலத்தில் இரவில் வெளிச்சமான பக்கம் கடல்தான். இப்போது தெருவிளக்கு.

பயணம் என்று நாங்கள் போனது அதற்கப்புறம், 2023 ஏப்ரலில். சென்ட்ரலில் ரயிலேறி ஒடிசாவின் பிரம்மபூர், அங்கிருந்து ருஷிகுல்யா ஆற்றின் முகத்துவாரம். ஒரு ஆமை தெரிந்தாலே அதிர்ஷ்டம் என்று நடந்தவர்கள் நாங்கள். அங்கே அந்த வருஷம் ஆறு லட்சத்துக்கும் மேல் ஏறியிருந்தது. போய்ச் சேர்ந்தபோது குஞ்சுகள் பொரிந்துகொண்டிருந்தன, காலை எங்கே வைப்பது என்றே தெரியாத அளவுக்கு.

வெளிப்படையாகச் சொல்கிறேன், அங்கே எங்களால் பெரிய பிரயோஜனம் இல்லை. வேலை முழுக்க ஊர்ப் பையன்களுடையது. வழி தவறி விளக்கு வெளிச்சத்துப் பக்கம் போன குஞ்சுகளைப் பொறுக்கி வாளியில் போட்டுக் கடலோரம் விடுகிறார்கள். வந்த கூட்டத்தில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் எங்களை ஒரு பார்வை பார்த்தான். மொழி புரியாது. ஒரு வாளியை எடுத்து நேராகத் தாம்பரத்துக்காரன் கையில் கொடுத்தான். கை காலியாக நின்றிருந்தவன் அவன்தான்.

சிலிகா ஏரி, பூரி எல்லாம் போனோம். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அதனால் நீங்கள் கேட்டதற்கு: முதலில் உங்கள் ஊர்க் கரையில் ஒரு சீசன் நடந்து பாருங்கள். நாலைந்து பேரில் யார் மூன்றாவது வாரமும் வருகிறார்களோ அவர்களோடு டிக்கெட் போடுங்கள். சென்னையில் நடக்க வருவதென்றால் கறுப்புச் சட்டை, தண்ணீர் பாட்டில், கழற்றிக் கையில் பிடிக்கத் தோதான செருப்பு போதும். ஆமை வரும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். பத்து தடவை நடந்ததில் எங்களுக்கு நாலு தடவைதான் தெரிந்தது.

வரும் ஜனவரியிலும் போகிறோம். சைதாப்பேட்டைக்காரனுக்கு மட்டும் இப்போது முட்டிவலி, மணலில் நடக்க முடியாது. விடியற்காலை பெசன்ட் நகரில் டீயோடு காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறான்.