நிலாவெளி அக்காவுக்கு: பித்தப்பைக் கல்லை எடுப்பதா, விடுவதா?

அக்கா, ஸ்கேனில் 12 மில்லிமீற்றர் கல், இரவில் கொத்து ரொட்டி சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடித்துத் தோள்பட்டை வரை வலி, வைத்தியர் சத்திரசிகிச்சை என்கிறார், மாமியார் ஒலிவ் எண்ணெயும் தேசிக்காய்ச் சாறும் குடி என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வலியே இல்லாமல் தற்செயலாகக் கண்ட கல் என்றால் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன், அப்படியானவர்களில் பெரும்பாலானோருக்கு அது ஒன்றும் செய்வதில்லை. ஆனால் உங்களுக்கு வலி தொடங்கிவிட்டது, தொடங்கினால் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும், கல் நழுவிப் பித்தக் குழாயை அடைத்தால் செங்கமாரி (மஞ்சள் காமாலை), கணைய அழற்சி என்று போகும். நானாக இருந்தால் சத்திரசிகிச்சையைச் செய்துகொள்வேன்.

எண்ணெய் வைத்தியத்தில் மறுநாள் பச்சையாக உருண்டு வருவது கல் இல்லை, அந்த எண்ணெயே குடலில் சவர்க்காரம் மாதிரி ஆகி வருவது. மாமியாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்!

சத்திரசிகிச்சையில் கல்லோடு பித்தப்பையையே எடுத்துவிடுவார்கள், அது இல்லாமலும் ஈரல் பித்தத்தைச் சுரந்து நேரே குடலுக்கு அனுப்பும், சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகும், அவ்வளவுதான். திருகோணமலை பொது வைத்தியசாலை சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் காசில்லாமலே காட்டலாம். பெரிதாக வெட்டாமல் சிறு துளைகள் வழியாகச் செய்வார்களா, பித்தக் குழாயிலும் கல் இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவரை பொரியலைக் குறையுங்கள். காய்ச்சல், கண் மஞ்சள், மணிக்கணக்கில் நிற்காத வலி, இதில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.