முதுகெலும்பை மெல்லத் தொட்டுச் செய்யும் சிகிச்சையில் மன அழுத்தம் குறையுமா?

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள், ஆனாலும் கழுத்தும் முதுகும் கல்லாக இறுகிக் கிடக்கிறது, தூக்கம் வருவதில்லை, காட்பாடியில் தொட்டே சரிசெய்கிறார்களாம், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவராகத்தான் இருக்க வேண்டும். 'ஒன்றுமில்லை' என்று டாக்டர் சொன்னதை இத்தனை வேதனையோடு எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துத்தான் இந்தப் பதில்.

எனக்குக் குறைந்தது. எலும்பு எதுவும் இடம் மாறி உட்கார்ந்ததால் குறைந்தது என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

வேலூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் பதினொரு வருஷம் இருந்தேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை. சேலையை இறக்கு, உதறு, விரி, தோளில் போட்டுக் காட்டு, மடி, மறுபடி மேல் தட்டில் ஏற்று. கல்யாணக் கூட்டம் ஒன்று வந்தால் எங்கள் முன்னால் அறுபது எழுபது சேலை மலையாகக் கிடக்கும். அவர்கள் மூன்று எடுத்துக்கொண்டு போவார்கள். மீதியை மடிப்பு கலையாமல் அடுக்குவது நாங்கள். 2022 தீபாவளிக்கு முந்தின வாரம், மேல் தட்டுக்குக் கை தூக்கியபோது பிடரியிலிருந்து வலது தோள்வரை ஒரு சுண்டு சுண்டியது. அன்றிலிருந்து தலையைத் திருப்ப முடியவில்லை. வலியைவிடக் கொடுமை தூக்கம் போனது. இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். தசைதான் இறுகியிருக்கிறது, எலும்பில் ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து பிசியோதெரபிக்கு எழுதினார். நல்ல டாக்டர், குறை சொல்லவில்லை. வீட்டுக்காரர் சலூனில் கழுத்தை நெட்டி முறித்து விடச் சொன்னார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கழுத்து எலும்புகளின் துவாரம் வழியாகத்தான் மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் ஏறுகிறது. வெடுக்கென்று திருப்பும்போது அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அம்மா, குடியாத்தம் பக்கம் சுளுக்கு வழிக்கிற ஒரு பெரியவரிடம் கூட்டிப் போனார். அவர் எண்ணெய் போட்டு நீவியதில் இரண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் பழையபடி.

பிசியோதெரபி செய்த இடத்தில் இருந்த பெண்தான் ஒருநாள் சொன்னார், "அக்கா, உங்க ஒடம்பு கையை வெச்சாலே சிலுத்துக்குது. நான் இன்னொண்ணு கத்துகினு வந்திருக்கேன், அழுத்தவே மாட்டேன், பார்க்கிறீங்களா?" கிரேனியோசேக்ரல் தெரபி என்று பெயர். கிரேனியம் என்றால் மண்டை ஓடு, சேக்ரம் என்றால் முதுகெலும்பின் அடியில் ஐந்து எலும்புகள் ஒன்றாகி நிற்கும் முக்கோண எலும்பு.

உடுத்திய துணியோடு மல்லாக்கப் படுக்க வைத்தார். முதலில் இரண்டு குதிகால்களையும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு இடுப்புக்கு அடியில் ஒரு கை. கடைசியில் தலைமாட்டில் உட்கார்ந்து, மண்டையும் கழுத்தும் சேரும் இடத்தில் இரண்டு கை விரல் நுனிகளையும் கொடுத்துத் தலையைத் தாங்கிக்கொண்டார். அழுத்தம் ஐந்து கிராம்தான் என்பார்கள், கிட்டத்தட்ட ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தின் எடை. முதல் நாள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுநூறு ரூபாய் போச்சே என்றுதான் பஸ் ஏறினேன்.

இரண்டாவது வாரம் வயிறு கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. வெட்கமாக இருந்தது. "நல்லதுக்குத்தான் அக்கா, ஒடம்பு எளகுது" என்றார். தலையை ஏந்தியபோது, எதற்கென்றே தெரியவில்லை, கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. எங்கள் ஆயா ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து முடித்ததும் ஆயா கையை எடுக்க மாட்டார். உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தபடி தெருவில் போகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். ஆயா போய் இருபது வருஷம். அதற்கப்புறம் என்மேல் பட்ட கையெல்லாம் எதையாவது கேட்கிற கையாகத்தான் இருந்திருக்கிறது. பிள்ளைகள், வீட்டுக்காரர், மாமியாரைத் தூக்கி உட்கார வைக்கும்போது என் தோளைப் பிடிப்பாரே, அது. யாரையும் குறையாகச் சொல்லவில்லை, வீடு என்றால் அப்படித்தான். ஆனால் ஒன்றும் கேட்காமல், ஒன்றும் செய்யச் சொல்லாமல், முக்கால் மணி நேரம் ஒரு கை என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி பத்தரைக்குப் படுத்தவள் ஐந்தேகாலுக்கு, பால்காரர் மணி கேட்டு எழுந்தேன்.

மொத்தம் ஆறு முறை போனேன். தூக்கம் திரும்பியது. வலியில் பாதி போனது. மீதிப் பாதி போனது அதே பெண் சொல்லிக்கொடுத்த கழுத்துப் பயிற்சிகளாலும், பிறகு நான் அந்த வேலையை விட்டதாலும். இதை மறைத்துவிட்டு எல்லாம் தொட்டதால்தான் என்று எழுதினால் அது பொய்.

'இது போலி மருத்துவம், இதையெல்லாம் பரப்பாதீர்கள்' என்று சிலர் எழுத வருவீர்கள். நானும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அமெரிக்காவில் வில்லியம் சதர்லேண்ட் என்ற ஆஸ்டியோபதி (எலும்பையும் தசையையும் கையாலேயே சரிசெய்யப் பார்க்கும் முறை) மருத்துவர் மண்டை ஓட்டு எலும்புகள் கொஞ்சம் அசையும் என்று நம்பினார். 1970களில் ஜான் அப்லெஜர் அதை எடுத்து, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் சுற்றியுள்ள நீரில் ஒரு தாளம் உண்டு, அதைக் கையால் உணர்ந்து சரிசெய்யலாம் என்று இந்த முறையை வகுத்தார். அந்த நீர் இருப்பது உண்மை, பெரியவர்களுக்குச் சுமார் 150 மில்லி. ஆனால் ஒரே ஆளை இரண்டு சிகிச்சையாளர்கள் தொட்டு அந்தத் தாளத்தை எண்ணச் சொன்னால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள் என்று ஆய்வுகளில் வந்திருக்கிறது. வளர்ந்தவர்களின் மண்டை எலும்பு ஐந்து கிராமுக்கு அசையாது. இதெல்லாம் எனக்கு ஏற்புடையதுதான்.

ஆனால் தொடுவதால் உடம்பு தணிகிறது என்பதை எதற்குப் பொய்யென்று சொல்ல வேண்டும்? மெதுவான, இதமான தொடுகைக்கென்றே நம் தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன. பயந்த பிள்ளையின் முதுகைத் தடவினால் மூச்சு சீராவதைப் பார்க்காத தாய் உண்டா? எனக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு அந்தத் தாளக் கதை தேவையில்லை.

'சி.எம்.சி. மாதிரி இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி உள்ள ஊரில் இருந்துகொண்டு இதற்குப் போனாயா' என்று என் அண்ணியே கேட்டார். இந்த ஊரின் அருமை எனக்கும் தெரியும். 1954-ல் வண்டி விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்த சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்ததற்கு அவர்தான் காரணம். முதுகுத்தண்டு உடைந்தவர்கள் எழுந்து உட்காரக் கற்ற ஊர் இது. உடைந்த முதுகுக்குத் தொடு சிகிச்சை என்று நான் சொன்னால் என்னைத் திட்டுங்கள். நான் பேசுவது உடையாமல் இறுகிப் போன முதுகைப் பற்றி.

அது ஏன் இறுகியது என்பதையும் சொல்லியாக வேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கடைகளில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்று. செய்தி வந்த அன்று நாங்கள் ஸ்வீட் வாங்கிச் சாப்பிட்டோம். கடையில் மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. பில் போடும் மேஜைக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி வைத்தார்கள். ஒருமுறை எடுத்து உட்கார்ந்ததற்கு, "கஸ்டமர் பார்த்தா இன்னா நெனைப்பாங்க? கேமராவுல முதலாளி பார்த்துகினு இருக்காரு" என்றார் மேற்பார்வையாளர். என்னோடு இருந்த பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. கால் வீங்கி, துணி போட்டுப் பார்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்வாள். பத்து நிமிஷம் உட்கார இடம் கொடுத்திருந்தால் நான் எழுநூறு எழுநூறாக நாலாயிரத்து இருநூறு ரூபாய் செலவழித்திருக்க மாட்டேன். என் அரை மாதச் சம்பளத்துக்குப் பக்கம் அது. இதை எங்கே போய்ச் சொல்வது? இங்கேதான் சொல்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். கை கால் மரத்துப் போகிறதா, சிறுநீர் அடக்க முடியவில்லையா, காய்ச்சலோடு முதுகு வலிக்கிறதா, கீழே விழுந்த பிறகு வந்த வலியா? இதில் ஒன்று இருந்தாலும் தொடுகை கிடுகை எதுவும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தலையில் அண்மையில் அடிபட்டவர்களும் மூளையில் ரத்தக் கசிவு இருந்தவர்களும் இந்தச் சிகிச்சைக்குப் போகக் கூடாது. பெண்ணாக இருந்தால் கூட ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இருபது முறைக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள், மூன்று முறையிலேயே தூக்கத்தில் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்கலாம்.

எனக்குச் செய்த பெண் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டார், அதனால் விலாசம் கேட்காதீர்கள். நீங்கள் கேள்விப்பட்ட காட்பாடிக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. போனால் எக்ஸ்ரேயைக் கையோடு எடுத்துப் போங்கள். அதை வாங்கிப் பார்க்காமலே கை வைக்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.