நிலத்துக்கு என்ன கலர்? – வாசகர் கேள்வி பதில்

(நகர் ஊரமைப்பு அலுவலகங்களில் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த மாதம்: நிலப் பயன்பாட்டுத் திட்டங்களும் மக்கள் கருத்துக் கேட்பும்.)

எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் எங்கள் ஊர் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. இருநூறு பேர் போனோம். மைக் ஐந்தாறு பேர் கைக்குத்தான் வந்தது. மற்றவர்கள் ஒரே மாதிரி அச்சடித்த மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம். இதையெல்லாம் யாராவது படிப்பார்களா அம்மா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

படிப்பார்கள். எப்படிப் படிப்பார்கள் என்பதுதான் விஷயம். நான் வேலை பார்த்த இடங்களில், வந்த மனுக்களைப் பதிவேட்டில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஏற்கலாம்', 'ஏற்க இயலாது' என்று குறிப்பு எழுதுவோம். ஒரே வாசகத்தில் இருநூறு மனு வந்தால் எல்லாம் சேர்ந்து ஒரு வரியாகிவிடும். 'விவசாயத்தைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதியிருந்தால், 'வேளாண் மண்டலம் போதிய அளவு ஒதுக்கப்பட்டுள்ளது' என்று எதிரே எழுதி முடித்துவிடலாம். வரைபடத்தைத் திறக்கக்கூட வேண்டாம்.

'புல எண் (சர்வே நம்பர்) இன்னது, கிராமக் கணக்கில் ஏரி உள்வாய் (ஏரியில் நீர் தேங்கும் இடம்), உங்கள் வரைவில் குடியிருப்பு என்று மஞ்சள் அடித்திருக்கிறது' என்று ஒருவர் எழுதினால் கதை வேறு. யாராவது எழுந்து போய் அந்தத் தாளை விரித்துத்தான் ஆக வேண்டும். பல வருஷம் அப்படி எழுந்து போனவள் நான். அந்த மாதிரி மனுவைத் தள்ளுவதற்குக்கூடக் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுத அதிகாரிகளுக்குக் கொஞ்சம் தயக்கம் வரும்.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 26ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். வரைவுத் திட்டம் தயாரானதும் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவித்து, ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். ஆட்சேபணை எழுத்தில் இருக்க வேண்டும். ஆக, மைக் கிடைக்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள், மைக்கில் பேசியதற்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. தங்களை நேரில் கேட்க வேண்டும் என்று கோரியவர்களுக்கு நியாயமான வாய்ப்பு தர வேண்டும். கோரியவர்களுக்கு! நீங்கள் கையெழுத்துப் போட்ட அச்சடித்த மனுவில் அந்தக் கோரிக்கை இருந்ததா? நான் பார்த்த வரையில் பெரும்பாலும் இருக்காது. இரண்டு மாதம் முடியாமல் இருந்தால், தனியாக இன்னொரு மனு எழுதி, கடைசியில் 'என்னை நேரில் அழைத்துக் கேட்கும்படி கோருகிறேன்' என்று சேர்த்துவிடுங்கள்.

என்னென்ன வைக்க வேண்டும்? வருவாய்த் துறையின் இ-சேவை இணையதளத்தில் அ-பதிவேடும் (எந்தப் புல எண் என்ன வகை நிலம் என்ற கிராமப் பதிவு) புலப்படமும் (நிலத்தின் அளவுப் படம்) கிடைக்கும், அவற்றின் நகல். வரைவு வரைபடத்தில் அந்த இடத்துக்கு என்ன கலர் அடித்திருக்கிறார்கள் என்ற குறிப்பு. மழைக்காலத்தில் எடுத்த போட்டோ இருந்தால் ரொம்ப நல்லது. செயற்கைக்கோள் படத்தை வைத்துத்தான் வரைகிறோம். கோடையில் எடுத்த படமென்றால் வற்றின குட்டை வெறும் பொட்டலாகத் தெரியும். மானாவாரி நிலம் அறுவடை முடிந்து கிடந்தால் தரிசு மாதிரி இருக்கும். ஆடு மேய்க்கிற இடம் எந்தப் படத்திலும் தெரியாது. எல்லாத் தப்பும் ரியல் எஸ்டேட்காரர் சொல்லிச் செய்ததல்ல. பாதிக்கு மேல் தெரியாமல் நடப்பது, அதனால்தான் சொன்னால் திருந்துகிறது. மீதி எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், என்ன மாற்றம் வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'இந்தப் புல எண் நீர்நிலை என்று காட்டப்பட வேண்டும்', அவ்வளவுதான். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். இல்லாவிட்டால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுச்சூழல் அனுமதிக்கு கலெக்டர் நடத்தும் கூட்டமும் இதுவும் ஒன்றுதானே?
– வாசகர், ராணிப்பேட்டை

இல்லை. அது ஒரு குறிப்பிட்ட ஆலைக்கோ குவாரிக்கோ உரியது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து நடத்துவது. அங்கே வாயால் பேசுவதற்கு மதிப்பு உண்டு. வீடியோ எடுக்கிறார்கள், பேசியதை எழுதி அங்கேயே படித்துக் காட்ட வேண்டும். ஆனால் ஒன்று: அந்த ஆலை வரப்போகும் நிலம் முழுமைத் திட்டத்தில் ஏற்கெனவே தொழில் மண்டலம் என்று ஊதா அடித்துக் கிடந்தால், பாதிச் சண்டை முன்னாடியே தோற்றாகிவிட்டது. வரைவு வந்தபோது ஊரில் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தஞ்சாவூர் ஜில்லா முழுக்கப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆகிவிட்டது. இனிமேல் எங்கள் நிலத்துக்கு ஆபத்தில்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?
– வாசகர், ஒரத்தநாடு

பாதி நிம்மதியாக இருக்கலாம். 2020 பிப்ரவரியில் வந்த அந்தச் சட்டம், பின்னிணைப்பில் பட்டியல் போட்ட தொழில்களைப் புதிதாகத் தொடங்கக் கூடாது என்கிறது. எண்ணெய், எரிவாயு துரப்பணம், தோல் பதனிடுதல், துத்தநாக உருக்காலை போன்றவை அதில் உண்டு. ஏற்கெனவே ஓடுபவற்றை அது நிறுத்தவில்லை. வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் வயலுக்குப் பக்கத்து வயலில் கல் நட்டுக் கலர் கொடி கட்டினால் இந்தச் சட்டம் வந்து தடுக்காது. அதைத் தடுக்க முழுமைத் திட்டமும் மனைப்பிரிவு அனுமதியும்தான் வழி.

இதோடு சேர்த்து ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2017இல் கடலூர், நாகை மாவட்டங்களில் 45 கிராமங்களைப் பெட்ரோகெமிக்கல் முதலீட்டு மண்டலத்துக்காக அறிவித்தார்கள் அல்லவா, அதுவும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வந்த அறிவிப்புதான். டெல்டாவில் எதிர்ப்பு கிளம்பி, 2020இல் ரத்து செய்தார்கள். நிலத்தைக் காப்பாற்ற உதவுகிற அதே சட்டத்தை வைத்துத்தான் நிலத்தை மாற்றவும் செய்கிறார்கள். திருச்சி, கரூர், அரியலூர் விவசாயிகள் 2020 சட்டத்தில் தங்களைச் சேர்க்கவில்லை என்று கேட்டது நியாயமான கேள்வி என்பதே என் கருத்து. காவிரித் தண்ணீர் மாவட்ட எல்லை பார்த்தா பாய்கிறது?

நாங்கள் கருவாடு காயப்போடும் கரை, கடலோர வரைபடத்தில் வெறும் மணலாக இருக்கிறது என்று என் பேரன் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்கிறான். அதற்குப் பட்டாவும் இல்லை. நாங்கள் கேட்க முடியுமா?
– கருவாட்டு வியாபாரம் செய்யும் வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

தாராளமாகக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும் அம்மா. 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே மீனவர்களின் பொது இடங்களை வரைபடத்தில் குறிக்கச் சொல்கிறது: படகுத்துறை, ஐஸ் பிளாண்ட், மீன் காயவைக்கும் தளம், எல்லாம். மீனவர்களுக்கு வருங்காலத்தில் எவ்வளவு வீடு தேவைப்படும் என்ற திட்டமும் அதில் இருக்க வேண்டும். அப்புறம் 2019இல் புது அறிவிக்கை வந்தது. அதை வைத்துத் தயாரித்த வரைவுகளுக்கு 2023இல் நம் கடலோர மாவட்டங்களில் கருத்துக் கேட்பு நடந்தபோது, இதே குறையைத்தான் மீனவர்கள் சொன்னார்கள்.

இது ஏன் முக்கியம்? 2019 அறிவிக்கையில் ஜன நெருக்கம் அதிகமான கிராமங்களில், அதாவது 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசித்தால், கட்டடம் கூடாத தூரத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்திருக்கிறார்கள். முதலில் உங்கள் கிராமம் எந்த வகையில் காட்டப்பட்டிருக்கிறது என்று பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள். 50 மீட்டர் தாண்டிக் கட்டலாம் என்று ஆகிவிட்டால், படத்தில் வெறும் மணலாகக் கிடக்கிற இடத்துக்கு முதலில் வருவது ரிசார்ட்காரர். 'இங்கே யாரும் எதற்கும் பயன்படுத்தவில்லையே' என்று அவர் அந்தப் படத்தையே காட்டுவார்.

செய்ய வேண்டியது இதுதான். பேரனைக் கூட்டிக்கொண்டு கரையோடு நடந்து போங்கள். கருவாடு காயும் இடம், கரைவலை இழுக்கிற இடம், வலை பின்னும் இடம், படகு ஏற்றும் இடம், ஒவ்வொன்றின் நான்கு மூலையிலும் நின்று போனில் இருப்பிடத்தைப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். எந்த மாதத்தில் எதற்குப் பயன்படும் என்று எழுதுங்கள், ஏனென்றால் பார்வையிட வருகிற அதிகாரி கருவாடு போடாத காலத்தில் வந்து நின்றால் அவர் கண்ணிலும் வெறும் மணல்தான். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி, கிராம சபையிலும் தீர்மானம் போட்டு, மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு அனுப்புங்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் ஆண்கள் உட்கார்ந்து எழுதினால் படகும் வலையும் மட்டும் வரும், கருவாடு விட்டுப்போகும். எழுதும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். பட்டா இல்லை என்று கூச்சப்பட வேண்டாம். கடற்கரையில் பெரும்பகுதி புறம்போக்குதான், அது எல்லாருக்கும் தெரியும்.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளைச் சூழல் கூருணர்வுப் பகுதி என்று அறிவிக்க வரைவு மேல் வரைவாக வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறார்களே, எதற்கு?
– வாசகி, கூடலூர்

எனக்கும் அலுத்துவிட்டது. 2011இல் மாதவ் காட்கில் குழு அறிக்கை, 2013இல் கஸ்தூரிரங்கன் குழு அறிக்கை, 2014இல் முதல் வரைவு. ஆறாவது வரைவு வந்தது 2024 ஜூலை 31இல், வயநாட்டில் மண் சரிந்த மறுநாள். ஆறு மாநிலத்தில் 56,825 சதுர கிலோமீட்டர், அதில் தமிழ்நாட்டுக்கு 6,914. ஒவ்வொரு முறையும் ஆட்சேபணைக்கு 60 நாள். மாநிலங்கள் பரப்பைக் குறைக்கச் சொல்லும், இறுதி அறிவிக்கை வராது, வரைவு காலாவதியாகும். 'என் வீட்டை இடிப்பார்களா, காப்பி போட முடியாதா' என்ற பயத்துக்கு எஸ்டேட் லயத்தில் போய்ப் பதில் சொல்ல ஆளில்லாமல், டெல்லியில் உட்கார்ந்து 60 நாள் எண்ணினால் இப்படித்தான் ஆகும். வரைவு என்ன மொழியில் வருகிறது என்பது வேறு பிரச்சினை. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடச் சொல்லி டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

கருத்துக் கேட்பு எந்த நாட்டிலும் கண்துடைப்புதான் என்கிறேன். மறுக்க முடியுமா?
– வாசகர், டொராண்டோ

உங்கள் நாட்டு உதாரணமே சொல்கிறேன். யூகான் பிரதேசத்தில் பீல் ஆற்றுப் படுகை, 67,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், நம் தமிழ்நாட்டில் பாதி. 2004இல் ஒரு திட்டக் குழு அமைத்து, வருஷக்கணக்கில் மக்களிடம் கேட்டு, 2011இல் 80 சதவீதத்தைப் பாதுகாக்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். 2014இல் அரசு அதை ஓரம் கட்டிவிட்டுத் தன் சொந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பாதுகாப்பு 29 சதவீதமாக இறங்கியது. இதுவரை நீங்கள் சொன்ன மாதிரியே.

பூர்வகுடிகளும் இரண்டு சூழல் அமைப்புகளும் நீதிமன்றம் போனார்கள். 2017 டிசம்பர் 1இல் கனடா உச்சநீதிமன்றம் அரசின் திட்டத்தைச் செல்லாது என்றது. கலந்தாலோசனை நடந்தபோது அரசு முன்வைக்காத மாற்றங்களைக் கடைசியில் புகுத்த முடியாது என்பது சாரம். 2019இல் 83 சதவீதம் பாதுகாப்போடு திட்டம் முடிவானது. அங்கே பூர்வகுடிகளோடு அரசு போட்ட ஒப்பந்தத்தில் கலந்தாலோசனையின் ஒவ்வொரு படியும் எழுத்தில் இருந்தது, நீதிமன்றம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. கண்துடைப்பு நடக்கும், சார். மனு எழுத்தில் இருந்தால் பிறகு பிடித்து நிறுத்த ஒரு கைப்பிடி இருக்கும்.

எங்கள் ஊர் வரைவுக்குக் கடைசித் தேதி போன மாதமே முடிந்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

முடியும் தம்பி. வரைவு திருத்தங்களோடு அரசின் ஒப்புதலுக்குப் போக வேண்டும், அதற்கு நாளாகும். அதற்குள் தாமதத்துக்கு ஒரு வரிக் காரணத்தோடு மனுவை அனுப்புங்கள், திட்டக் குழுமத்துக்கு ஒன்று, நகர் ஊரமைப்பு இயக்குநருக்கு ஒன்று, வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலாளருக்கு ஒன்று. ஏற்பது அவர்கள் விருப்பம். கூடவே பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எத்தனை ஆட்சேபணை வந்தது, எந்தப் புல எண்ணுக்கு, என்ன முடிவு எடுத்தார்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் தெருவிலேயே யாராவது சரியான நேரத்தில் இதே இடத்தைப் பற்றி எழுதியிருக்கலாம். அப்படியானால் அவரைப் போய்ப் பாருங்கள், விசாரணைக்கு அழைப்பு வந்தால் ஆவணங்களோடு கூடப் போகலாம்.