மே மாதத்தில் திருமயம்: உணவும் நேரமும்

வணக்கம். காரைக்குடியிலிருந்து குழந்தைகளோடும் சர்க்கரை நோயுள்ள மாமியாரோடும் மே மாதத்தில் திருமயம் கோட்டைக்குச் செல்வதாகவும், இட்லியோடு தேங்காய்ச் சட்னி கட்டிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சட்னி வேண்டாம், 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், எளிதில் கெடும் உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பதே பாதுகாப்பு விதி. மாறாக, நல்லெண்ணெயில் குழைத்த இட்லிப் பொடியை இருபுறமும் தடவி, இட்லி ஆறிய பின் வாழையிலையில் அடுக்கிக்கொள்ளுங்கள். சுண்டலைக் காலையிலேயே தீர்த்துவிடுங்கள்; நீர்மோரைப் பனிக்கட்டியிட்டு பிளாஸ்கில் எடுத்துச் செல்லலாம். குழந்தைகளுக்குச் சீப்புச்சீடையும், வெல்லப்பாகில் செய்யும் இனிப்பான மணகோலமும் கெடாமல் இருக்கும், ஆனால் மணகோல டப்பாவை மாமியார் கண்ணில் படாமல் வைப்பது உங்கள் சாமர்த்தியம். அவருடைய சாப்பாட்டு நேரம் மட்டும் தவறவே கூடாது. பாறை சூடேறிக் கால் வைக்க முடியாமல் போகுமென்பதால், பத்து மணிக்குள் கோட்டையிலிருந்து இறங்கிவிடுங்கள்.