லாகர்ஹெட் என்றால் ஆமையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலத்தை வளர்த்துக்கொள்ள ஹெர்மன் மெல்வில் எழுதிய திமிங்கில வேட்டை நாவல் ‘மோபி டிக்’ படிக்கிறேன். தெரியாத சொற்களை எல்லாம் நோட்டில் எழுதிப் பொருள் பார்க்கிறேன். மேப்பிள் பாதிரியாரின் பிரசங்கத்தைத் தாண்ட முடியவில்லை. எழுதியதும் மறந்துவிடுகிறது. அச்சு அகராதி நல்லதா, செயலியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஏதாவது ஒன்று போதும். உங்கள் சிக்கல் அகராதியில் இல்லை. பிரசங்கம் வருவது 9ஆம் அத்தியாயத்தில். கப்பல் கிளம்புவதே 22இல்தான், மொத்தம் 135. கரையிலேயே நோட்டு நிறைந்தால் திமிங்கிலத்தை எப்போது பார்ப்பது? முதலில் நோட்டை மூடுங்கள்.

மெல்வில் திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலை பார்த்தவர். வாசகனுக்கு அந்தத் தொழில் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். 60ஆம் அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு கயிற்றைப் பற்றியது. கனம் முக்கால் அங்குலம்கூட இல்லை; நீளம் 200 பாகத்துக்கு மேல், அதாவது 1,200 அடி. தொட்டியில் சுருட்டி வைத்த கயிறு படகின் பின்பக்கம் போய், ‘லாகர்ஹெட்’டைச் சுற்றி, துடுப்புப் போடும் ஒவ்வொருவரின் துடுப்புப் பிடி மேலும் குறுக்காகக் கிடந்து முன்முனைக்கு வருகிறது. சின்ன அகராதியில் லாகர்ஹெட்டைத் தேடினால் ஒரு கடலாமை கிடைக்கும், அல்லது ஒரு முட்டாள். ஆமையைச் சுற்றிக் கயிறு ஓடுவதாக எழுதிவைத்துக்கொண்டு விழிப்பீர்கள்! அது படகின் பின்பகுதியில் நிற்கும் குட்டையான மரக்கட்டை. ஈட்டி பாய்ந்த திமிங்கிலம் ஓடும்போது கயிறு அதில் உரசித்தான் வேகம் குறையும், பிரேக் மாதிரி. கயிறு பாயும் வழி தெரிந்தால்தான் துடுப்புப் போடுகிறவனின் பயம் புரியும். ஒரு சுருள் காலில் மாட்டினால் ஆள் கடலுக்குள்.

எனவே கருவிப் பெயர்களுக்கு அகராதி வேண்டாம், படம் போதும். பாகங்களின் பெயர் குறித்த வேட்டைப் படகுப் படம் ஒன்றை அச்செடுத்துப் புத்தகத்துக்குள் வையுங்கள்.

மற்ற சொற்களுக்கு ஓரத்தில் பென்சில் புள்ளி மட்டும். மூன்றாம் முறை எதிர்ப்படும் சொல்லை, அத்தியாயம் முடிந்தபின் பாருங்கள். அத்தியாயத்துக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். எழுதும்போது அந்த வாக்கியம் முழுவதையும் எழுதுங்கள். தனிச்சொல்லுக்குப் பிடிமானம் இல்லை, அதனால்தான் மறக்கிறது. ஒரே ஒருமுறை வரும் அலங்கார அடைமொழியைத் தாராளமாக விட்டுவிடலாம், தம்பி. நட்டம் ஒன்றுமில்லை.

கப்பல் முதலாளிகள் பெலெக்கும் பில்டாடும் பேசும் ‘தீ’ (thee), ‘தை’ (thy) எல்லாம் க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பேச்சு வழக்கு. புரிந்தால் போதும்; அலுவலக மின்னஞ்சலில் எழுதிவிடாதீர்கள்.