உறைபனிக்குக் காத்திருப்போர் கேட்டவை

ஜனவரி பிறந்துவிட்டால் இலங்கையின் நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவெல பக்கத்து வானிலை ஆர்வலர்கள் கணினியில் இயங்கும் வானிலைக் கணிப்பு மாதிரிகளின் வரைபடங்களைப் பார்த்தபடி உறைபனியை எதிர்பார்த்திருப்பது வழக்கம். இம்முறை அனுப்பப்பட்ட கேள்விகளுக்கு இயன்றவரை விடை எழுதியுள்ளேன்.

நானுஓயாவிலிருந்து: ஐயா, அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாதிரி இன்னும் பத்து நாளில் நுவரெலியாவில் 3 பாகை செல்சியஸ் என்று காட்டுகிறது. இதை மற்றவர்களுக்கு அறிவிக்கலாமா?

வேண்டாம். அந்த மாதிரி நாளுக்கு நான்கு தடவை இயக்கப்படுகிறது. நம் நேரப்படி காலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30 ஆகிய வேளைகளுக்குரிய அவதானங்களைத் தொடக்கமாகக் கொண்டு, 16 நாள் வரை கணக்கிட்டுச் செல்கிறது. பத்தாம் நாளுக்கு இன்று 3 என்று வந்த எண் நாளைக்கு 9 என்று வந்தாலும் அதில் வியப்பில்லை. தொடக்க அவதானத்தில் உள்ள சிறு பிசகு நாட்கள் செல்லச்செல்லப் பெருகிக்கொண்டே போகும். இதற்காகவே ஐரோப்பிய நடுத்தர வீச்சு வானிலைக் கணிப்பு நிலையத்தார் தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி 50 கணிப்புகளையும், மாற்றாத ஒன்றையும் சேர்த்து ஒரு குழுமமாக வெளியிடுகிறார்கள். அந்த 51 இல் பெரும்பாலானவை தெளிந்த வானத்தையும் வறண்ட காற்றையும் காட்டினால் பேச்சைத் தொடங்கலாம். ஐந்தாறு மட்டும் காட்டினால் காத்திருக்க வேண்டும். மிகக் குளிரான ஒரு படத்தை மட்டும் பொறுக்கியெடுத்துப் பரப்புவது வானிலை ஆர்வம் ஆகாது என்பது என் கருத்து.

கந்தப்பளை மரக்கறிச் செய்கையாளர் ஒருவர்: கைபேசியில் 7 பாகை என்றிருந்தது. விடிந்து பார்த்தால் உருளைக்கிழங்குச் செடிகள் கருகிக் கிடந்தன. தவறு எங்கே, அண்ணன்?

இக்கேள்வியே இந்தப் பருவத்தின் மையம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஜி.எஃப்.எஸ். நிலப்பரப்பை ஏறத்தாழ 13 கிலோமீற்றர் அகலமுள்ள கட்டங்களாகவும், ஐரோப்பிய மாதிரி ஏறத்தாழ 9 கிலோமீற்றர் கட்டங்களாகவும் பிரித்துக்கொள்கின்றன. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றரில் உள்ள நுவரெலியா நகரமும், அதற்கு மேலே 2,524 மீற்றர் மட்டம் வரை உயர்ந்து நிற்கும் பீதுருதாலகாலை மலையும், மறுபுறத்தில் றம்பொடைப் பக்கமாக இறங்கும் சரிவும் அந்தக் கட்டங்களுக்குள் சமப்படுத்தப்பட்டுவிடுகின்றன. ஆகவே மாதிரி கருதும் மலை உங்கள் மலை அன்று. உயர வேறுபாட்டை, ஒரு கிலோமீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்ற கணக்கால் பகலில் ஓரளவு சரிசெய்யலாம். ஆனால் அமைதியான தெளிந்த இரவில் அந்தக் கணக்கே தலைகீழாகிவிடும். குளிர்ந்த காற்று கனமானதாகையால் தண்ணீரைப் போலச் சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது, மேட்டிலுள்ள தேயிலை தப்பிவிடப் பள்ளத்து மரக்கறிப் பாத்தி கருகுகிறது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நீங்கள் பார்த்த 7 பாகை, தரையிலிருந்து 2 மீற்றர் உயரத்துக் காற்றின் வெப்பநிலை. புல்லும் இலையும் தம் வெப்பத்தை நேராக வானத்தை நோக்கிக் கதிர்த்துவிடுவதால் அதைவிடப் பல பாகைகள் குறைந்துவிடுகின்றன. எனவே உங்கள் பள்ளத்தில் உறைபனி வந்ததற்கு மாதிரி முழுவதும் தவறியிருக்க வேண்டும் என்பதில்லை.

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கை: அப்படியானால் எந்த வரைபடத்தைத்தான் பார்ப்பது, அண்ணா?

வெப்பநிலை வரைபடத்தைக் கடைசியாகப் பாருங்கள், தங்கச்சி. முதலில் மாலைநேரப் பனிபடுநிலையை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலையைப் பாருங்கள். காற்றிலுள்ள ஈரம் ஒடுங்கத் தொடங்கும்போது வெப்பம் வெளிப்பட்டுக் குளிர்தல் மெதுவாகிவிடும் என்பதால், பனிபடுநிலை 10 பாகையாக இருக்கும் மாலையில் உறைபனியை எதிர்பார்ப்பது வீண். அது 3, 4 என்று இறங்கியிருந்தால் கவனம் தேவை. அடுத்து முகிலும் காற்றும்: நள்ளிரவுக்குப் பின் மெல்லிய முகில் வந்தாலும் தரை இழந்த வெப்பத்தின் ஒரு பங்கு திரும்பிவிடும், காற்று வீசினால் மேலுள்ள வெதுவெதுப்பான காற்று கீழே கலந்துவிடும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று நம்மை நெருங்குவதாக மாதிரிகள் காட்டினால் மழையைப் பற்றி யோசியுங்கள், உறைபனியை மறந்துவிடுங்கள். வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று வந்து, இரவில் அது அடங்கிவிடும் நாட்களே நமக்குரியவை. மிகக் குறைந்த வெப்பநிலை நள்ளிரவில் அல்ல, சூரிய உதயத்தை ஒட்டியே பதிவாகும். ஆதலால் காலை 5.30 மணிக்குரிய படத்தைத் தேடிப் பாருங்கள்.

ஹற்றன் மாணவர் ஒருவர்: பீதுருதாலகாலை உச்சியில் எப்போதாவது பனிப்பொழிவு நிகழுமா, சேர்?

எதிர்பார்க்க வேண்டாம், தம்பி. நம் தீவின் மேலே வெப்பநிலை 0 பாகையைத் தொடும் உயரம் ஏறத்தாழ 5 கிலோமீற்றர். நம் மலையோ அதில் பாதியளவுதான். இடிமழையோடு விழும் ஆலங்கட்டி வேறு, தரையில் உருவாகும் உறைபனி வேறு.

பண்டாரவளையிலிருந்து ஒரு தாயார்: என் மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள். வரும் வாரம் அங்கே 40 சென்ரிமீற்றர் பனி கொட்டும் என்று ஒரு படம் காட்டுகிறது. பயப்பட வேண்டுமா, தம்பி?

இப்போதே பயப்பட வேண்டாம், அம்மா. அத்தகைய படங்கள் பெரும்பாலும் 1 மில்லிமீற்றர் நீருக்கு 1 சென்ரிமீற்றர் பனி என்ற நிலையான விகிதத்தில் வரையப்படுகின்றன. கடுங்குளிரில் அதே நீர் இன்னும் பருத்த பனியாகும். உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில் நசநசத்துப் பாதியாகும். புயலின் பாதை நூறு கிலோமீற்றர் விலகினாலே பனி மழையாக மாறிவிடலாம். புயலுக்கு மூலமான வளிமண்டலக் குழப்பம் பசிபிக் பெருங்கடலின் மேலே இருக்கும் வரை அதை அளக்கும் வானிலைப் பலூன் நிலையங்கள் அரிது. அது வட அமெரிக்கக் கரையேறிய பின்னரே கணிப்புகள் பெரும்பாலும் நெருங்கிவரும். இரண்டு நாள் முன்னதாகக் கனடிய வானிலைத் திணைக்களம் விடும் அறிவித்தலை மகள் பின்பற்றினால் போதும்.

இராகலையிலிருந்து: செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் உறைபனியை நன்றாகச் சொல்லுமா?

ஐரோப்பிய நிலையம் 2025 பெப்ரவரியில் அத்தகைய மாதிரியைச் செயற்பாட்டுக்குக் கொண்டுவந்தது. பெரிய அமுக்கத் தொகுதிகளின் போக்கை அது நன்றாகவே கணிக்கிறது. ஆனால் அப்போது அதன் கட்டம் ஏறத்தாழ 28 கிலோமீற்றர். உங்கள் பள்ளம் அதற்கு இன்னும் மங்கலாகத்தான் தெரியும்.

மீண்டும் கந்தப்பளைச் செய்கையாளர்: எச்சரிக்கை கிடைத்தால் இரவில் தண்ணீர் தூவலாமா?

தூவலாம், நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் இலையை 0 பாகைக்கு அருகிலேயே வைத்திருக்கும். தரை உறையுமுன் தொடங்கி, சூரியன் ஏறிப் படிந்த பனி கரையும் வரை நிறுத்தாமல் தூவ வேண்டும். இடையில் நிறுத்தினால் ஆவியாதல் இலையை மேலும் குளிரச்செய்து, தூவாததைவிட மோசமாக்கிவிடும். விடியும்வரை போதுமான தண்ணீர் இல்லையென்றால் தூவலைத் தொடங்காமல், இலையில் படாதவாறு சாக்குகளால் மூடிவிடுங்கள்.