18 சதவீத வட்டி, இல்லாவிட்டால் வீடு: கவுண்டி வரி ஏலத்தில் பணம் போடலாமா?

கேள்வி: டாம்பாவில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். சேமிப்பு 25,000 டாலர் இருக்கிறது. சொத்து வரி கட்டாத வீடுகளின் மேல் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) விற்கும் 'டாக்ஸ் லீன்' சான்றிதழை ஏலத்தில் எடுத்தால் வருடத்துக்கு 18 சதவீத வட்டி, பாக்கியைக் கட்டாவிட்டால் வீடே நமக்கு என்று ஒரு ஆன்லைன் வகுப்பில் சொன்னார்கள். அரசாங்கம் நடத்துவதால் ரிஸ்க் கிடையாதாம். முழுப் பயிற்சிக்கு 2,000 டாலர் கேட்கிறார்கள். மொத்தப் பணத்தையும் இதில் போடலாமா?

பதில்: மொத்தத்தையும் போடாதீர்கள். பயிற்சிக்கும் பணம் கட்டாதீர்கள். ஏல விதிமுறைகள் உங்கள் கவுண்டி டாக்ஸ் கலெக்டரின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அதற்காக இதை மோசடி என்றும் சொல்ல மாட்டேன். சட்டப்படி நடக்கும் ஏற்பாடுதான். வகுப்பில் பாதி உண்மையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வரி ஏலத்தில் இரண்டு வகை உண்டு. லீன் ஏலத்தில் நீங்கள் வாங்குவது ஒருவருடைய வரிப் பாக்கியை வசூலிக்கும் உரிமையை. டீட் (சொத்துப் பத்திரம்) ஏலத்தில் வாங்குவது சொத்தையே. அரிசோனா, நியூ ஜெர்சி லீன் மாநிலங்கள் (நியூ ஜெர்சியில் ஏலம் போடுவது கவுண்டி இல்லை, அந்தந்த ஊர் நிர்வாகம்). கலிபோர்னியாவில் டீட். டெக்சாஸில் டீட் உங்கள் கைக்கு வந்த பிறகும் பழைய உரிமையாளர் அபராதம் கட்டி மீட்கலாம். முதல் வருடத்தில் அந்த அபராதம் 25 சதவீதம். நீங்கள் இருக்கும் ஃப்ளோரிடாவில் முதலில் லீன், அதற்குப் பிறகு டீட்.

அங்கே நவம்பரில் வரி பில் வரும். அந்த மாதமே கட்டினால் 4 சதவீதத் தள்ளுபடி. மார்ச் 31 தாண்டினால் பாக்கிக் கணக்கில் சேரும். ஜூன் 1-ஆம் தேதிக்குள் கவுண்டி அந்தப் பாக்கிகளை ஏலத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். 18 சதவீதம் என்பது அந்த ஏலம் தொடங்கும் இடம். அங்கிருந்து கால் கால் சதவீதமாகக் கீழே இறங்கும். நம் ஊர் ஏலச்சீட்டில் தள்ளிக் கேட்பது மாதிரி, யார் அதிகம் விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்குத்தான். உங்களோடு போட்டி போடுவது ஆயிரக்கணக்கான சான்றிதழ்களுக்கு ஒரே நேரத்தில் கணினியில் கேட்கும் பெரிய நிதி நிறுவனங்கள். நல்ல பகுதியில் இருக்கும் வீட்டின் சான்றிதழ் 0.25 சதவீதம் வரைகூட இறங்கிவிடும்.

கால் சதவீதத்துக்கு யார் எடுப்பார்கள் என்று தோன்றும். ஃப்ளோரிடா சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: பூஜ்யத்துக்குக் கேட்காத வரை, உரிமையாளர் எப்போது பாக்கியைத் தீர்த்தாலும் குறைந்தது 5 சதவீதம் சேர்த்தே கட்ட வேண்டும். 3,000 டாலர் சான்றிதழை 0.25-க்கு எடுத்தீர்கள், உரிமையாளர் மூன்றே மாதத்தில் கட்டிவிட்டார் என்றால் உங்களுக்கு 150 டாலர், நல்ல வருமானம். அவர் 22 மாதம் இழுத்தடித்தாலும் அதே 150 டாலர்தான். அதற்குப் பேசாமல் அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரமான ட்ரஷரி பில் வாங்கிப் போட்டிருக்கலாம். சீக்கிரம் கட்டச் சொல்லி நீங்கள் நெருக்கவும் முடியாது. சான்றிதழ் வந்த வருடத்தின் ஏப்ரல் 1 முதல் இரண்டு வருடத்துக்கு, பணம் கேட்டு உரிமையாளரை நீங்களாகத் தொடர்புகொள்ளவே சட்டத்தில் தடை.

சரி, 18-க்கே கிடைப்பது எது? பெரும்பாலும் யாருக்கும் வேண்டாதது. மழைநீர்க் குட்டை, வழியில்லாத மனை, இரண்டு வீடுகளுக்கு நடுவே விட்டுப்போன துண்டு. ஏலப் பட்டியலில் இவற்றுக்கும் பார்சல் எண் உண்டு, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. 2019-இல் புரோவர்டு கவுண்டி டீட் ஏலத்தில் ஒருவர் வில்லா வீடு என்று நம்பி 9,100 டாலர் கட்டினார். கிடைத்தது ஒரு அடி அகலம், நூறு அடி நீளம் உள்ள நிலத் துண்டு. தெருவோரத் தபால் பெட்டிகளில் தொடங்கி, பக்கத்துப் பக்கத்து வில்லாக்களின் கராஜ்களைப் பிரிக்கும் சுவருக்கு அடியில் போகிறது. மதிப்பு 50 டாலர். பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று கவுண்டி கைவிரித்துவிட்டது.

'வீடே கிடைக்கும்' என்ற பேச்சுக்கு வருகிறேன். மார்ட்கேஜ் உள்ள வீடு என்றால் அந்த ஆசையை விட்டுவிடலாம். டீட் விற்பனையில் மார்ட்கேஜ் அடிபட்டுப் போகும் என்பதால் வங்கியே முன்வந்து வரியைக் கட்டிவிடும். மற்றதில்கூட உங்களுக்குக் கிடைப்பது வீடு இல்லை, அதை ஏலத்துக்குக் கொண்டுவரும் உரிமை. இரண்டு வருடக் கெடு முடிந்ததும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தச் சொத்தின் மேல் மற்றவர்கள் வைத்திருக்கும் சான்றிதழ்கள், நடப்பு வரி, பத்திரம் தேடும் செலவு எல்லாவற்றையும் நீங்கள் முதலில் கட்ட வேண்டும். 3,000 போட்ட இடத்தில் இன்னும் பல ஆயிரம் போக வேண்டியிருக்கும். போகும் பணத்துக்கு மாதம் 1.5 சதவீதம் வட்டி உண்டு என்பது ஆறுதல். ஏலத்தில் வேறொருவர் கூடுதலாகக் கேட்டால் வீடு அவருக்கு, உங்கள் பணம் வட்டியோடு உங்களுக்கு. உரிமையாளரே குடியிருந்து ஹோம்ஸ்டெட் சலுகை வாங்கிய வீடு என்றால், ஆரம்ப விலையில் வீட்டின் வரிமதிப்பில் பாதியும் சேரும். ஒன்றும் செய்யாமல் ஏழு வருடம் வைத்திருந்தால் சான்றிதழ் செல்லாது, போட்ட அசலும் போச்சு.

டீட்டே கையில் வந்தாலும் வில்லங்கம் முழுதாகத் தீராது. புல் வெட்டாததற்கும் இடிந்த கூரைக்கும் நகராட்சி போட்ட அபராதங்கள் சொத்தோடு தொடரும். ஐ.ஆர்.எஸ். (ஃபெடரல் வருமான வரித் துறை) லீன் இருந்தால் விற்பனைக்குப் பிறகும் 120 நாள் அவர்களுக்கு மீட்கும் உரிமை உண்டு. சொத்து உங்களுடையதுதான் என்று உறுதி செய்யும் 'குவயட் டைட்டில்' வழக்குப் போட்டு முடிக்காமல், சொத்துரிமைக்குக் காப்பீடு தரும் டைட்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் எளிதில் கை கொடுக்க மாட்டார்கள்.

சிறு பாக்கிக்குப் பெரிய சொத்தை அப்படியே அமுக்கும் காலமும் மலையேறிவிட்டது. மினசோட்டாவில் ஜெரால்டின் டைலர் என்ற 94 வயது மூதாட்டியின் வீட்டை, 15,000 டாலர் பாக்கிக்காக ஹென்னபின் கவுண்டி 40,000-க்கு விற்று மீதி 25,000-ஐயும் தானே வைத்துக்கொண்டது. அது அரசமைப்புக்கு விரோதம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நல்ல தீர்ப்பு என்பது என் கருத்து, முதலீட்டாளர்கள் முகம் சுளித்தாலும்.

இந்த வரி ஏலத்தைப் பற்றி வீட்டு உரிமையாளர்களில் ஒரு தரப்பும் கவலைப்பட வேண்டும். கடனை அடைத்துவிட்டு, அமெரிக்க வீட்டை வாடகைக்கு விட்டுச் சென்னைக்கோ கோவைக்கோ திரும்பியவர்கள் உண்டு. கடன் தீர்ந்ததும், வங்கி நம் சார்பில் வரி கட்டிவந்த எஸ்க்ரோ கணக்கும் மூடப்படும். வரி பில் நேராக உரிமையாளருக்கு, கவுண்டியில் பதிவான பழைய முகவரிக்குப் போகும். குடியிருப்பவர் அதைக் குப்பையில் போட்டால் அடுத்த ஜூன் பட்டியலில் உங்கள் வீடு. இன்றே முகவரியை மாற்றுங்கள்.

உங்கள் விஷயத்தில் என் யோசனை: ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாதீர்கள். 401(கே) ஓய்வூதியச் சேமிப்பில் கம்பெனி தன் பங்காகப் போடும் பணம் முழுதாக வருகிறதா என்று பாருங்கள். அதற்கும் மேல் ஆசை இருந்தால் 3,000 டாலரோடு நிறுத்தி, டாம்பா இருக்கும் ஹில்ஸ்பரோ கவுண்டிக்குள்ளேயே, காரில் போய்க் கண்ணால் பார்த்த வீடுகளின் சான்றிதழ்களுக்கு மட்டும் கேளுங்கள். பட்டியல் ஏலத்துக்கு முன்பே வந்துவிடும். உங்கள் குறைந்தபட்ச வட்டியை முன்னாலேயே முடிவு செய்து, அதற்குக் கீழே போனால் விட்டுவிடுங்கள். கிடைக்கும் வட்டிக்கு முனிசிபல் பாண்டு போல வரிவிலக்கு கிடையாது. சம்பளத்தோடு சேர்த்தே ஃபெடரல் வரி கட்ட வேண்டும், அதையும் கழித்துப் பார்த்த பிறகு கேளுங்கள்.